ஐந்து நட்சத்திர மௌனம்

பேச்சுதான் அந்தப் பாத்திரக்கடையின் முதல். மற்றதெல்லாம் எவர்சில்வர்.

கடையை நடத்திய அம்மாவுக்குத் தெருவில் கறார்க்காரி என்று பெயர். திட்டி வைத்த பெயர்தான். ஆனால் திட்டியவர்கள் எல்லாரும் கையில் ஒரு தூக்குவாளியை வாங்கிப் பிடித்துக்கொண்டுதான் திட்டினார்கள். அவருடைய கணவர் கடையில் தூசி தட்டுவார், இறக்கி வைப்பார், ஏற்றி வைப்பார். விலை மட்டும் சொல்லமாட்டார். மனைவி இல்லாத ஒரு நாளில் சொல்லிப் பார்த்தார். வந்தவர் கேட்ட விலைக்கே இவர் "சரிங்க" என்றார். வந்தவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஓட்டை இருக்கிறதா என்று பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வாங்காமலே போய்விட்டார். அன்றிலிருந்து இவர் சரிங்கண்ணன்.

ஒரு நாள் குக்கருக்கு விலை சொல்ல வாயைத் திறந்த கறார்க்காரி அப்படியே கல்லாமேல் சாய்ந்தார். மூளையில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். கை வந்தது, கால் வந்தது, கோபம்கூட வந்தது. பேச்சு வரவில்லை. எல்லாம் புரியும், சொல் மட்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்து, வீடு மாறி வந்துவிட்டவரைப் போலத் திரும்பிப் போய்விடும்.

"பேசற பக்கம் அடிபட்டிருக்கு. பாடற பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்றார் பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா. "பாட்டு வழியா பேச்சைக் கூட்டிட்டு வந்துடலாம். ஆனா இப்பவே செய்யணும். நாள் போகப்போக மூளை பேசாம இருக்கப் பழகிடும். அப்புறம் நான் என்ன பண்ணாலும் வராது."

அதற்காக ஒரு குட்டிப்பெட்டியையும் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் வட்டப்பெட்டி. பாட்டு அதற்குள் இல்லை. ஆஸ்பத்திரியில் எங்கோ இருக்கிறது. வைஃபை வழியாக வந்து இதன் வாயால் பாடும். மெதுவான பாட்டு. ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்திவிடும். "தாகம் எடுத்தால் குடிப்பது..." என்று நிற்கும். தண்ணீர் என்று நோயாளி நிரப்ப வேண்டும். "தலையை வாரக் கையில் எடுப்பது..." என்று நிற்கும். சீப்பு. அவ்வளவுதான் வைத்தியம்.

முதல் நாள் கறார்க்காரி தண்ணீரில் பாதியைச் சொல்லிவிட்டார். சரிங்கண்ணன் ஓடிப்போய்ப் பக்கத்துப் பூட்டுக்கடைக்காரரிடம், "தண் வந்துடுச்சு!" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டாம் நாள் பெட்டியில் ஆரஞ்சு விளக்கு மின்னியது. பாட்டு, "தாகம் எடு" என்று நின்றது. கறார்க்காரி நிரப்பப் பார்த்தார். எதை நிரப்புவது? உதடு துடித்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி, "எடுப்பது" என்று வேறெங்கோ போய் இறங்கியது. பயிற்சிக்காக விட்ட மௌனம் எது, பழுதால் விழுந்த மௌனம் எது என்று முழு மூளை உள்ளவர்களுக்கே தெரியாது. தன் மேல்தான் தப்பு என்று நினைத்து அவர் அழுதார். கடைத்தெருவில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. அழவைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சரிங்கண்ணன் இணைப்புக் கம்பெனிக்குப் போன் செய்தார்.

"ரூட்டரை அணைச்சுட்டு முப்பது வரைக்கும் எண்ணுங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

எண்ணினார். விளக்கு மறுபடியும் ஆரஞ்சு.

"வேகமா எண்ணிட்டீங்க சார். ரூட்டர் ஓய்வே எடுக்கலை. மெதுவா, மனசுல எந்தக் கவலையும் இல்லாம எண்ணுங்க."

மெதுவாக எண்ணினார். கவலையை மட்டும் குறைக்க முடியவில்லை.

"உங்க பிரச்சினை என்ன வகை சார்? 'வரவே இல்லை', 'மெதுவா வருது', 'பில் புரியலை'. இதுதான் என் திரையில இருக்கு."

"வருதும்மா. நிக்குது. மறுபடி வருது."

"அப்போ வருதில்ல சார்?"

"வருது, ஆனா..."

"ரொம்ப சந்தோஷம் சார். 'பில் புரியலை'ன்னு போட்டு ஆளை அனுப்புறேன்."

ஆள் வந்தார், தோளில் ஏணியோடு. ஏணிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவரும் அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொண்டார். கடை முன்னால், சரக்கு அறை நடுவில், இவர்கள் குடியிருக்கும் அறை பின்னால். ரூட்டர் கடைச் சுவரில், கூரைக்குக் கீழே, கம்பெனி முத்திரையோடு அறையப்பட்டிருந்தது. அந்த முத்திரையைக் கிழித்தால் இணைப்பே போய்விடும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. ஏணியை உள்ளே கொண்டுபோக, சரக்கு அறையில் அண்டாக்களைக் கொஞ்சம் ஒதுக்கினார்கள். பின்னறையில் பெட்டி கணீரென்று பாடியது.

"நல்லாத்தானே பாடுது?"

"நீங்க வந்ததும் பாடுது சார். போனதும் நின்னுடும்."

"நான் நிக்கும்போது அது நிக்கணும். விதி அப்படி. பழுதை நான் கண்ணால பார்க்கணும்."

ஏணிக்காரர் தெருவுக்குப் போனார். அண்டாக்கள் இருந்த இடத்துக்கே திரும்பின. பாட்டு நின்றது. ஏணிக்காரர் வந்தார், அண்டாக்கள் ஒதுங்கின, பாட்டு வந்தது. அடுத்த முறை உள்ளே வந்தபோது ஏணிக்காரர் ஏணியைக் கீழே வைத்துவிட்டு, சரக்கு அறையைக் கண்ணாலேயே அளந்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் எவர்சில்வர்.

"சார், நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதீங்க. உங்க பாத்திரம்தான் அலையை மறைக்குது. இதையெல்லாம் எடுத்துடுங்க."

"எங்க எடுக்கிறது? வித்தாத்தானே போகும்."

"வித்துடுங்க."

"விலை பேச ஆள் இல்லையே சார். அவ படுத்ததிலிருந்து ஒரு கரண்டிகூட நகரலை. ஏற்கெனவே சொல்லி வச்ச சரக்கு வேற வந்து இறங்கிக்கிட்டே இருக்கு."

"அம்மா எப்பப் பேசுவாங்க?"

"பாட்டு வந்தா."

"பாட்டு..." என்று தொடங்கிய ஏணிக்காரர் மேலே போகாமல் அண்டாக்களைப் பார்த்தார். அண்டாக்களில் அவர் முகம் அகலமாகத் தெரிந்தது.

"ரூட்டரைப் பின்னால மாட்டிடுங்களேன்."

"அது இடமாற்றப் பிரிவு. புகார் திறந்திருக்கும்போது இடமாற்றம் கேட்க முடியாது. மூடினா கேட்கலாம்."

"மூடிடுங்க."

"மூடணும்னா நீங்க அஞ்சு நட்சத்திரம் போடணும்." ஏணிக்காரரின் குரல் இறங்கியது. "அஞ்சுக்குக் கீழ போட்டுடாதீங்க சார். என்னைச் சிரிப்பு வகுப்புக்கு அனுப்பிடுவாங்க. போன தடவை போனேன். காலையில இருந்து சிரிக்க வச்சாங்க. வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி பயந்துட்டா."

"சரிங்க" என்றார் சரிங்கண்ணன். போனில் ஐந்தை அழுத்தினார்.

மறுநாள் இடமாற்றப் பிரிவைக் கேட்டார். "நீங்க அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கீங்களே சார்! முழுத் திருப்தியோட இருக்கிற ரூட்டரை இடம் மாத்த எங்களுக்கு அனுமதி கிடையாது" என்றார்கள். மறுபடியும் புகார். மறுபடியும் ஏணி. மறுபடியும் ஐந்து. கம்பெனிக் கணக்கில் சரிங்கண்ணன் அந்தப் பகுதியிலேயே பெரிய சந்தோஷக்காரர் ஆகிவிட்டார்.

மனைவியைக் கடைக்கு, ரூட்டருக்கு அடியில் கூட்டிவந்து உட்கார வைக்கவும் பார்த்தார். கறார்க்காரி வாசற்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று தலையாட்டினார். பேச்சில்லாமல் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தால், நேற்று வரைக்கும் பாதிக்குக் கேட்டவன் நாளைக்குச் சும்மா கேட்பான். அது அவருக்குத் தெரியும்.

"என்னண்ணே, இப்ப எது வந்திருக்கு?" என்று பூட்டுக்கடைக்காரர் தினமும் கேட்டார்.

"தண் போயிடுச்சு" என்றார் சரிங்கண்ணன்.

அப்போதுதான் அது நடந்தது. புகார் சொல்லப் போனைக் காதில் வைத்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கை கடுத்து, ஒரு நாள் ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டிலில் வைத்தார். கம்பெனியின் காத்திருப்புச் சங்கீதம் ஓடியது. வயலின் மாதிரி ஏதோ ஒன்று, நடுவில் ஒரு பெண், ராகமாக: "உங்கள் அழைப்பு எங்களுக்கு விலைமதிப்பற்றது." அது நிற்கவில்லை. விக்கவில்லை. ஆரஞ்சு விளக்கும் இல்லை. எத்தனை தடவை சுற்றினாலும் அதே இடத்தில் அதே இடைவெளி.

கறார்க்காரி மெல்ல முனகினார். பிறகு, "உங்க... அழைப்பு" என்றார்.

சரிங்கண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு அவர் புகார் சொல்லப் போன் செய்யவில்லை, காத்திருக்கத்தான் செய்தார். யாராவது எடுத்து "வணக்கம்" என்றால் பதறிப்போய், "மன்னிச்சுக்குங்க, மறுபடி காத்திருப்புல போடுங்க" என்பார். கொஞ்ச நாளில் கறார்க்காரிக்கு அந்த வாசகம் முழுதாக வந்துவிட்டது. ஆனால் அது மட்டும்தான் வந்தது. பசித்தாலும், "உங்கள் அழைப்பு எங்களுக்கு விலைமதிப்பற்றது." ஜன்னலைச் சாத்தச் சொல்லவும் அதுவே. அவர் கண் சரிங்கண்ணனைப் பார்த்து என்னவோ கெஞ்சும், வாய் கம்பெனியைப் பாடும்.

"பாதை திறந்திருக்கு, விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா அவங்க சொந்தமா ஒரு சொல் சொல்லணும். இல்லேன்னா இதுலயே நின்னுடுவாங்க."

இந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது, நேரில் வரச் சொல்லி. குற்றம்: காத்திருப்பு வசதியைத் தவறாகப் பயன்படுத்தியது.

கட்டடத்துக்கு வாடிக்கையாளர் மகிழ்ச்சி மாளிகை என்று பெயர். வாசலில் ஒரு பொம்மை சிரித்தது, வரவேற்பில் ஒரு பெண் சிரித்தார், மாடியில் ஒருவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார், யாரோ திட்டியிருக்க வேண்டும். உள்ளே மகிழ்ச்சி மேலாளர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க காத்திருப்பு இசையை நீங்க பாட்டா கேட்டிருக்கீங்க" என்றார்.

"அது ஒண்ணுதான் சார் நிக்காம வருது."

மேலாளர் முகம் மலர்ந்தது. "எனக்குப் பெருமையா இருக்கு. இணைப்புக்குப் போட வேண்டியதையெல்லாம் அதுலதான் போட்டிருக்கோம். யோசிச்சுப் பாருங்க, வாடிக்கையாளர் எங்ககூட அதிக நேரம் எங்க இருக்காரு? இணைப்புலயா? காத்திருப்புலதான். அவர் இருக்கிற இடத்தை அழகா வைக்கறதுதானே சேவை?"

"எங்க வீட்டுல பெட்டி..."

"பெட்டியை விடுங்க. ஒரு காலத்துல நாங்களும் பழுது பார்த்துக்கிட்டுதான் இருந்தோம். ஒண்ணைச் சரிபண்ணினா இன்னொண்ணு வரும். எங்க ஆளுங்க சோர்ந்து போயிட்டாங்க. அப்பதான் எங்க தலைவருக்கு ஒரு ஞானம் வந்தது. புகார் வர்றது கம்பியில இருந்து இல்லை, மனுஷன்கிட்ட இருந்து. கம்பியைத் திருத்த ஏணி வேணும், ஆள் வேணும், அறிவு வேணும். மனுஷனுக்கு அஞ்சு நட்சத்திரம் போதும். அதையும் அவரே குடுத்துடறாரு, நமக்குச் செலவே இல்லை."

சொல்லிவிட்டு மேலாளர், தன் பேச்சைத் தானே ரசித்து, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"விதிப்படி உங்க இணைப்பைத் துண்டிக்கணும். ஆனா இவ்வளவு நட்சத்திரம் போட்ட குடும்பத்தை விட மனசில்லை. ஒண்ணு செய்யலாம். இப்ப புதுசா குரல் மதிப்பீடு வந்திருக்கு. இணைப்பைப் பயன்படுத்தறவங்க வாயாலயே அஞ்சுன்னு சொல்லணும். படம் பிடிச்சு எல்லா ஊர்லயும் ஒட்டுவோம். உங்க மனைவி சொல்லட்டும்."

"அவளுக்குப் பேச்சு வராது சார். அதுக்குத்தான்..."

"ஒரே ஒரு சொல்."

"அந்த ஒரு சொல்லுக்குத்தான் சார் நாங்க இத்தனை நாளா அல்லாடிக்கிட்டிருக்கோம்!"

"பார்த்தீங்களா, உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே தேவை!" என்று மேலாளர் எழுந்து கைகொடுத்தார்.

அன்று முழுவதும் சரிங்கண்ணன் மனைவி முன்னால் உட்கார்ந்து, "அஞ்சு... சொல்லும்மா, அஞ்சு" என்று பாடினார். அவருக்கு ராகம் வராது. பெட்டியும் இடையிடையே விக்கியது. கறார்க்காரி அவரையே பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு விலைமதிப்பற்றது" என்றார்.

"இது போச்சுன்னா பெட்டி போச்சு. பெட்டி போச்சுன்னா நீ..." சரிங்கண்ணனால் முடிக்க முடியவில்லை. அந்த வரியின் கடைசிச் சொல்லை நிரப்ப இருவருக்குமே தைரியம் இல்லை.

மறுநாள் மேலாளர் வந்தார், பின்னாலேயே ஏணிக்காரர். பாத்திரங்களுக்கு முன்னால்தான் படம் எடுப்பாக இருக்கும், அம்மா கல்லாவில் உட்கார வேண்டும் என்றார் மேலாளர். இணைப்பு போய்விடக்கூடாதே என்று சரிங்கண்ணன் மனைவியின் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சி அழைத்துவந்தார். கறார்க்காரி தன் இடத்தில் உட்கார்ந்து, கல்லா மேசையை ஒருமுறை உள்ளங்கையால் துடைத்தார்.

மேலாளர் ஒரு கருவியை அவர் வாய்க்கு நேராக நீட்டினார். "எங்க சேவைக்கு எத்தனை நட்சத்திரம்மா? அஞ்சு. எங்க சொல்லுங்க. அஞ்..."

கறார்க்காரி குட்டிப்பெட்டியைக் கையில் எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். மேலாளரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணு" என்றார்.

சரிங்கண்ணன் பிடித்திருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது.

"அஞ்சும்மா, அஞ்சு" என்றார் மேலாளர் சிரித்தபடி.

"ஒண்ணு."

"சரி, உடம்பு முடியாதவங்க. நாலுன்னு வச்சுக்கலாம்."

"ஒண்ணரை."

மேலாளர் வாழ்க்கையில் எதையும் பேரம் பேசி வாங்கியதில்லை போலிருக்கிறது. இல்லாவிட்டால் முதல் வாயிலேயே இறங்கியிருக்கமாட்டார். "மூணரை! அதுக்குக் கீழ போனா எனக்குக் கட்டுப்படி ஆகாதும்மா."

"ரெண்டு."

"மூணு. கடைசி."

கறார்க்காரி வாயை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்தார். இது நோயின் மௌனம் இல்லை. இந்தக் கல்லாவில் இத்தனை காலம் இருந்து, எத்தனையோ பேரை வியர்க்க வைத்த மௌனம். மேலாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏணிக்காரர் ஏணிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வகுப்பில் அவருக்கு இப்படி ஒரு சிரிப்பு வந்ததே இல்லை.

"ரெண்டே முக்கால்" என்றார் மேலாளர், பரிதாபமாக.

"முக்கால் கிடையாது."

இரண்டு சொல்! சரிங்கண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, ரெண்டு" என்றார் மேலாளர். கருவி கீச்சிட்டது. மேலே ரூட்டரில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது.

"என்ன சார் ஆச்சு?"

"மூணுக்குக் கீழ உள்ளவங்களை நாங்க வாடிக்கையாளரா வச்சுக்கறதில்லை" என்றார் மேலாளர். கம்பெனிக்காரருக்கு உரிய நிதானம் திரும்பியிருந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த நிமிஷத்துல எங்க வாடிக்கையாளர்கள்ல அதிருப்தியோட ஒருத்தர்கூட இல்லை." ஏணிக்காரரிடம் ரூட்டரைக் கழற்றச் சொல்லி, வாங்கிக்கொண்டு அவரோடு வண்டியேறிப் போனார்.

பெட்டியில் ஆரஞ்சு விளக்குகூட இல்லை. சரிங்கண்ணன் மனைவி முன்னால் மண்டியிட்டார்.

"இன்னொரு தடவை பேசு. எதையாவது சொல்லு. என்னைக் கூப்பிடேன்."

கறார்க்காரியின் உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. வந்தவை எல்லாம் வண்டியேறி மேலாளரோடு போய்விட்ட மாதிரி இருந்தது. கண்ணில் நீர் திரண்டது. கம்பெனி வாசகம் வரப்போகிறது என்று சரிங்கண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அது வருவதற்குள் கைக்குக் கிடைத்த ஒரு குடத்தைத் தூக்கினார்.

"இது என்ன விலைம்மா?" என்றார், முன்பின் தெரியாதவர் குரலில்.

கறார்க்காரி குடத்தைப் பார்த்தார். "எண்ணூறு."

"சரிங்க" என்றார் சரிங்கண்ணன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பேரம் முடிந்துவிட்டது. கறார்க்காரியின் முகத்தில் விளக்கு அணைவதை அவரே பார்த்தார்.

"இல்ல இல்ல! சரியில்லை! ஜாஸ்தி! நானூறு!" என்று கத்தினார்.

"கட்டாது."

"நானூறுதான். குடம் நெளிஞ்சிருக்கு."

"எங்க?" என்று கேட்டார் கறார்க்காரி. பாட்டில்லாமல், தானாக. கை நீட்டிக் குடத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை டங்கென்று மேசையில் வைத்தார். "வேற கடை பாருங்க."

சரிங்கண்ணன் சொந்தக் கடையின் படியிறங்கினார். இத்தனை வருஷம் பாத்திரத்தை ஏற்றி இறக்கி வைத்தவருக்கு, வாங்க வந்தவர்கள் இதற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று தெரியும். திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். காது மட்டும் பின்னால் இருக்கும். கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை.

பூட்டுக்கடையைத் தாண்டினார்.

"அண்ணே, கடையை விட்டுட்டு எங்க போறீங்க? ஏன் அழறீங்க?"

"வியாபாரத்துல இருக்கேன்யா. பேசாதே" என்றார் சரிங்கண்ணன்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. செருப்புக்கடை போயிற்று. தெருமுனை வந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட்டால் கூப்பிட்டாலும் கேட்காது. நடையைச் சுருக்கிக்கொண்டார். ஒரு வண்டி ஒலியெழுப்பியபடி கடந்தபோது, அந்த ஓட்டுநரின் பரம்பரையையே மனதுக்குள் சபித்தார்.

"என்னங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. கரகரப்பாக, துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி, ஆனால் ராகம் கலக்காமல். பூட்டுக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து, "அண்ணே! அக்கா கூப்பிடுறாங்கண்ணே!" என்று கத்தினார்.

சரிங்கண்ணனுக்குத் திரும்பி ஓடக் கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். முதல் கூப்பாட்டுக்கே திரும்புகிறவன் வாங்கத் தெரியாதவன். இரண்டாவது கூப்பாட்டைக் கேட்பதற்காக, அவர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்.